ஆந்தைக்கரடிக்கு எத்தனை லெவல்?

மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து டீச்சர் ஒன்றுமே எழுதக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். ஒரு விஷயத்தில் தலையை விட்டுவிட்டேன், அதுதான் காரணம். பதிவு நீளம். கையில் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

இது சோழர் வரலாறும் இல்லை, சிப்பாய்க் கலகமும் இல்லை. ஒரு விளையாட்டின் வரலாறு. அதிலும் அந்த விளையாட்டில் வரும் ஒரே ஒரு எண்ணின் வரலாறு.

என் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை தோறும் அவனும் நான்கு நண்பர்களும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவார்கள். பலகை, காய் எதுவும் கட்டாயமில்லை. ஒருவன் கதையை நடத்துவான். அவனுக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், சாமியார். பாழடைந்த சுரங்கத்துக்குள் இறங்குவார்கள், பூதங்கள் எதிர்ப்படும், பகடை உருட்டிச் சண்டை. திண்ணையில் தாயம் உருட்டியவர்களுக்குக் கை பழக்கம்தான். என்ன, இங்கே பகடைக்கு இருபது முகம். ஜெயித்தால் அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். செத்தால் அந்தப் பாத்திரத்தின் கதை முடிந்தது.

மூன்று வாரம் முன்பு கதை நடத்தியது என் பேரன். நண்பர்கள் நால்வரும் மூன்றாம் லெவல். அதுவரை வர அவர்களுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. இவன் மான்ஸ்டர் புத்தகத்தைப் புரட்டி, 3 என்று எண் போட்ட ஒரு பிராணியைத் தேர்ந்தெடுத்தான். கரடி உடம்பு, ஆந்தைத் தலை. ஆந்தைக்கரடி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒன்றாக நான்கை அவிழ்த்துவிட்டான். அரை மணி நேரத்தில் நான்கு பேரும் செத்துப்போனார்கள். ஒரு பையன் அழுதுவிட்டான். "நீ வேணும்னே செஞ்சே" என்று சொல்லிவிட்டுப் போனவன் அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

இரவு என் அறைக்கு வந்து இவன் கேட்டான்: "அவங்களும் மூணு, அதுவும் மூணு. ஆளுக்கு ஒண்ணுதானே ஆச்சி விட்டேன்? பின்ன எப்படி எல்லாரும் செத்தாங்க?"

நியாயமான கேள்வி. புத்தகத்தில் சந்தேகம் வந்தால் அதன் முந்தைய பதிப்பை எடுத்துப் பார் என்று உங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதையே செய்தேன். எதிர்வீட்டுக்காரர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இந்த விளையாட்டின் பைத்தியம். அட்டைப்பெட்டியில் ஐம்பது வருடப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இந்த விளையாட்டு பிறந்த ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சிகாகோவுக்கு வடமேற்கே, விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஏரிக்கரை ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்று ஒருவர். காப்பீட்டு நிறுவன வேலை போய், செருப்பு தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர். பொம்மைப் படைவீரர்களை மேசையில் நிறுத்தி யுத்தம் நடத்துவதில் வெறி. அந்தப் பொழுதுபோக்கின் வேர் 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப்பயிற்சி ஆட்டம் வரை போகிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன், இப்போது இறங்கினால் கரையேற மாட்டேன்.

1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரென் என்பவரும் செயின்மெயில் என்ற இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டார்கள். அதன் கடைசியில் மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும் ஒரு பின்னிணைப்பு. அதில் ஹீரோ என்று ஒரு வீரன். அவன் நான்கு சாதாரண வீரர்களுக்குச் சமம். சூப்பர்ஹீரோ என்று இன்னொருவன், எட்டுப் பேருக்குச் சமம். இந்தக் கதைக்கு விதை இதுதான். ஒருவன் எத்தனை ஆளுக்குச் சமம் என்று தலையை எண்ணிச் சொன்ன கணக்கு. புரிய ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

இதற்கிடையே மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், படையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பாத்திரம், கோட்டைக்கு அடியில் சுரங்கம் என்று பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்தார்கள். 1974-இல் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் போட்டு வந்தன. ஆயிரம் பிரதி, விலை பத்து டாலர். வெளியிட்டது கைகாக்ஸும் நண்பர் டான் கேயும் தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம்.

அந்த மூன்று புத்தகங்களை ஒரு வாரம் படித்தேன். வினாத்தாள் திருத்துவதுபோல் பென்சிலும் கையுமாகத்தான். சும்மா சொல்லக்கூடாது, எத்தனையோ மாணவர்களின் கட்டுரை நோட்டுகள் இதைவிடத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது புத்தகத்தில், சுரங்கத்தில் நடக்கும்போது எதிர்ப்படும் பூதங்களுக்கு ஆறு பட்டியல் இருக்கிறது, லெவல் ஒன்று முதல் ஆறு வரை. முதலாவதில் கோபால்டு, காப்லின், ஆர்க் மாதிரி சில்லறைகள். ஆறாவதில் டிராகன், ரத்தக்காட்டேரி போன்ற பெருந்தலைகள். சுரங்கத்தில் எத்தனையாவது தளம் கீழே இருக்கிறீர்கள் என்று பார்த்துப் பகடை உருட்டினால் எந்தப் பட்டியல் என்று வரும். ஆக, பூதத்தின் லெவல் ஆறோடு முடிந்தது.

இனி முதல் புத்தகத்துக்கு வாருங்கள். அனுபவப் புள்ளி எப்படிக் கொடுப்பது என்று ஓர் உதாரணம். அதில் ட்ரோல் என்ற பூதம் ஏழாம் லெவல் என்று போட்டிருக்கிறது! ஆறு பட்டியல்தான் இருக்கிறது, ஏழு எங்கிருந்து வந்தது? காரணமும் அங்கேயே இருக்கிறது: அதற்கு ஆறுக்கு மேல் ஹிட் டைஸ் உண்டு என்று. ஹிட் டைஸ் என்பது ஒரு பூதத்தின் உயிர் எவ்வளவு என்று பார்க்க உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை. பழைய தலைக்கணக்கின் வாரிசு. ட்ரோலுக்கு ஆறு பகடையும் கூடுதலாக மூன்றும். அதனால் ஏழாம் லெவலாம்.

ஒரே பெட்டி, ஒரே ஆசிரியர்கள். மூன்றாம் புத்தகத்தில் லெவல் என்றால் பட்டியல் எண், முதல் புத்தகத்தில் லெவல் என்றால் உயிர்க்கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் லெவல் பட்டியலில் தௌல் என்று ஒரு பூதத்தின் பெயர் இருக்கிறது. புத்தகம் முழுக்கத் தேடினாலும் அது என்ன உருவம், எப்படிச் சண்டை போடும் என்று ஒரு வரி கிடையாது. அச்சுப்பிழையாக இருக்கும் என்பது பலருடைய ஊகம். ஆனால் 1981 பதிப்பில் அதற்கு ஜாதகமே எழுதிவிட்டார்கள்: மூன்று வேறு பூதங்கள் மந்திரத்தால் கலந்து பிறந்ததாம். பெயர் முதலில், ஆள் ஏழு வருடம் கழித்து. கல்வெட்டைத் தப்பாகப் படித்து ஒரு ராஜாவை உண்டாக்கிவிடாதீர்கள் என்று வகுப்பில் எச்சரிப்பேனே, நினைவிருக்கிறதா?

அந்த முதல் விதிப்படி, கொன்ற பூதத்தின் லெவல் ஒன்றுக்கு 100 புள்ளி. அதோடு உங்கள் லெவல் எட்டு, பூதத்தின் லெவல் ஏழு என்றால் கிடைப்பதில் எட்டில் ஏழு பங்குதான் உங்களுக்கு. இந்தப் பின்னத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏழாம் லெவல் ஆளும் ஏழாம் லெவல் பூதமும் சமம் என்று அது சொல்லாமல் சொல்கிறது. என் பேரன் நினைத்ததும் அதைத்தானே?

அடுத்த வருடமே, 1975-இல், கிரேஹாக் என்ற துணைநூல் வந்தது. எழுதியவர்கள் கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும். அதில் அந்த நூறு புள்ளி விதி அபத்தமானது என்று எழுதிவிட்டு, புது அட்டவணை போட்டார்கள். ஒரு பகடை உயிர் உள்ள சாதாரண ஆர்க்குக்கு 100 போய் 10 வந்தது. விஷம், மந்திரம் போன்ற தனித்திறமை இருந்தால் கூடுதல். தான் போட்ட விதியைத் தானே திட்டி எழுதும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்கும்.

நம்ம ஆந்தைக்கரடியும் இந்தத் துணைநூலில்தான் பிறந்தது. எதிலிருந்து தெரியுமா? எந்த நாட்டுப் புராணத்திலும் அது இல்லை. ஹாங்காங்கில் செய்து, கடைகளில் பை பையாக மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்று. எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத உருவம். கைகாக்ஸ் அவற்றை வாங்கி வந்து, மேசையில் நிறுத்தி, ஆளுக்கொரு பெயரும் குணமும் கொடுத்தார். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும் அதே கூட்டம்தான். 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தில் ஆந்தைக்கரடிக்கு ஐந்து பகடையும் கூடுதலாக இரண்டும்.

1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறார். லெவல் என்ற ஒரே சொல்லுக்கு நான்கு அர்த்தம் ஆகிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆட்டக்காரரின் லெவல், மந்திரத்தின் லெவல், பூதத்தின் லெவல், சுரங்கத் தளத்தின் லெவல். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் வைக்க முதலில் யோசித்தார்களாம். ஆனால் எல்லோரும் பழகிவிட்டார்கள், பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்குக் குழப்பம் இல்லை என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார். குழப்பம் இல்லையாம்! மூன்றாம் வகுப்பு, மூன்றாம் ரேங்க், மூன்றாம் பீரியட், மூன்றாம் மாடி எல்லாவற்றையும் வெறும் 'மூன்று' என்று மட்டுமே சொல்லி ஒரு பள்ளிக்கூடம் நடத்திப் பாருங்கள்.

1979-இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் ஆறு பட்டியல் பத்தாயிற்று. இப்போது பூதத்தின் லெவலைத் தீர்மானிப்பது அதைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி. 20 புள்ளி வரை முதல் லெவல், இப்படியே பத்து வரை. 1974-இல் லெவலைப் பார்த்துப் புள்ளி கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் புள்ளியைப் பார்த்து லெவல் கொடுக்கிறார்கள். குதிரையும் வண்டியும் இடம் மாறிவிட்டன.

இங்கே இங்கிலாந்துக்காரர் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். டான் டர்ன்புல். 1977-இல் ஒயிட் டுவார்ஃப் பத்திரிகையின் முதல் இதழிலேயே, இந்த எண்களை நம்ப முடியாது, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று தொடங்கிவிட்டார். ஒரு தரமான வாள்வீரனை எடுத்துக்கொள். அவன் எதிரே ஒரு பூதத்தை நிறுத்து. அந்தப் பூதம் சாவதற்குச் சராசரியாக எத்தனை சுற்று ஆகும்? அந்தச் சுற்றுகளில் அது வீரனுக்கு எவ்வளவு அடி கொடுக்கும்? விஷம், பார்வையால் கல்லாக்குவது போன்ற வித்தைகள் இருந்தால் அதற்கேற்பப் பெருக்கு. வருவதுதான் அந்தப் பூதத்தின் மதிப்பு. மான்ஸ்டர்மார்க் என்று பெயர் வைத்தார். என்ன அழகான யோசனை பாருங்கள்! அடிப்பதும் தாங்குவதும் இரண்டும் கணக்கில் வந்துவிட்டன. அதிகாரப்பூர்வ விதியில் அந்த முறை ஏறவில்லை. கணக்கு கொஞ்சம் நீளம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

ஒரு விஷயம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. 1974-இன் எண்கள் ஒன்றுக்கொன்று உதைத்துக்கொண்டாலும் லேக் ஜெனிவாவில் ஆட்டம் ஏன் நடந்தது? ஏனென்றால் அங்கே அபாயத்தைத் தேர்ந்தெடுத்தது ஆட்டக்காரர்களே. சுரங்கத்தில் ஒரு தளம் கீழே இறங்கினால் ஆபத்து கூடும், புதையலும் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். இறங்குவதும் திரும்புவதும் அவர்கள் இஷ்டம். முதல் தளத்திலேயே பகடை சதி செய்தால் நான்காம் பட்டியல் பூதம் வந்து நிற்கும். அப்போது சண்டை போடாதே, ஓடு. அந்த எண் நியாயத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஏரிக்கரையில் 'ஆழம் அதிகம்' என்று வைத்திருக்கும் பலகை மாதிரி.

பிற்பாடு ஆட்டத்தின் போக்கு மாறியது. கதையை முன்கூட்டியே தயாரித்து, இந்த இடத்தில் இந்தச் சண்டை என்று நடத்துபவரே தீர்மானித்து வைக்கும் வழக்கம் பெருகியது. அப்போது எண்ணின் வேலையும் மாறுகிறது. தேர்வு நடத்துபவர் கையில் இருப்பதால், இது இவர்களுக்குத் தாங்குமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1997-இல் டிஎஸ்ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு. அதில் பூதங்களுக்கு சேலஞ்ச் ரேட்டிங் என்று புது எண். பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் அர்த்தத்தைப் பாருங்கள்: 4 என்று போட்டிருந்தால், நான்காம் லெவலில் உள்ள *நான்கு பேர்* சேர்ந்து ஒரு பூதத்தோடு மோதினால் தங்கள் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழித்து ஜெயிப்பார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று இருந்த சமன்பாடு சத்தமில்லாமல் ஒன்றுக்கு நான்கு ஆகிவிட்டது. ஆந்தைக்கரடிக்கு அதில் 4.

பழைய எண்களையும் அவர்கள் தூக்கிப் போடவில்லை. 2003-இல் திருத்திய பதிப்பில் ஓகர் என்ற ராட்சசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட் டைஸ் 4. சேலஞ்ச் ரேட்டிங் 3. அதையே ஓர் ஆட்டக்காரர் தன் பாத்திரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஆறாம் லெவல் ஆளாகக் கணக்கு. ஒரே ராட்சசன், மூன்று எண், மூன்றும் அச்சில் ஒரே பக்கத்தில். இன்னொரு கூத்து, அந்த விதிகளின்படி வீட்டுப் பூனை ஒன்று சாதாரணக் குடியானவனைக் கீறியே கொன்றுவிட முடியும். பல வருடம் இதை வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

2008-இல் நான்காம் பதிப்பு. துணிச்சலாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பூதத்துக்கும் லெவல், ஆளுக்கும் லெவல், இரண்டும் ஒரே அர்த்தம் என்றார்கள். ஐந்து பேர் வந்தால் அதே லெவலில் ஐந்து பூதம். சிலவற்றுக்கு எலீட் என்று முத்திரை, அவை ஒன்று இரண்டுக்குச் சமம். ஆந்தைக்கரடி எட்டாம் லெவல் எலீட் ஆயிற்று. கைகாக்ஸ் அந்த வருடம் மார்ச் மாதம் காலமானார். புத்தகம் வந்தது ஜூன் மாதம். பழைய ஆட்டக்காரர்கள் பலர் இந்தப் பதிப்பைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கென்னவோ, இந்த ஒரு விஷயத்திலாவது அவர்கள்தான் ஒழுங்காகச் செய்தார்கள் என்று படுகிறது.

2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்து மறுபடி சேலஞ்ச் ரேட்டிங், மறுபடி ஒன்றுக்கு நான்கு. ஆந்தைக்கரடிக்கு 3. பேரனிடம் இருப்பது இந்தப் புத்தகம்தான்.

இதை வைத்து நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தப் புத்தகப்படி ஓர் ஆந்தைக்கரடிக்கு 700 புள்ளி. மூன்றாம் லெவலில் நான்கு பேருக்கு நடுத்தரச் சண்டை 600, கடினம் 900, உயிருக்கே ஆபத்து 1600. ஒன்றே ஒன்று விட்டிருந்தால் சரியான ஆட்டம். நான்கு விட்டால் 2800. கூட்டமாக வந்தால் பலம் கூடும் என்பதால் அதை இரண்டால் பெருக்கச் சொல்கிறது விதி: 5600. உயிராபத்து எல்லையைப்போல் மூன்றரை மடங்கு. (2024-இல் வந்த புதுக் கையேட்டில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள். இனி அடுத்த தலைமுறைக்கு வேறு கணக்கு.)

பேரன் முகம் வெளிறிவிட்டது. "அப்ப என் தப்புதானா?" என்றான். 2008 புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இதில் நீ செய்தது சரி என்றேன். 1974 புத்தகத்தின் எட்டில் ஏழு பங்கையும் காட்டினேன். மூன்றும் மூன்றும் சமம் என்று நினைத்தது முட்டாள்தனம் இல்லை, அந்த விளையாட்டே பல வருடம் அப்படித்தான் நினைத்தது.

எனக்கு இதில் வேறொரு உறுத்தலும் இருக்கிறது. ஒரு வருடம் பத்தாம் வகுப்புக்கு அரையாண்டு வரலாற்று வினாத்தாள் நான் போட்டேன். எளிது என்று நினைத்துத்தான் போட்டேன். பாதி வகுப்பு 35 எடுக்கவில்லை. படிக்கவில்லை என்று அவர்களைத் திட்டினேன். அந்தத் தாளை முதலில் நானே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்திருக்கலாம். டர்ன்புல் ஒவ்வொரு பூதத்தின் எதிரேயும் ஒரு வீரனை நிறுத்திப் பார்த்தது போல. அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அன்று திட்டியது தப்பு.

பேரன் அந்தக் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனான். கூட நான் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று சொல்லவும் இல்லை. போன சனிக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். அந்தச் சண்டையை முதலிலிருந்து மறுபடி ஆடினார்கள், இந்தத் தடவை ஒரே ஓர் ஆந்தைக்கரடியோடு. அழுத பையன்தான் கடைசி அடி அடித்தான். சத்தத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

உங்களில் யாராவது பெங்களூரிலோ சென்னையிலோ இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் இருந்தால், உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு, அதில் ட்ரோலுக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று கீழே எழுதுங்கள். பேரன் ஒரு நோட்டில் குறித்து வருகிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்